உப்பு 35

ஜூன் 9, வெள்ளி

வெப்பம் 26. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

இது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் நோட்டு. பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதியது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் முப்பத்து நாலு வருடம் டெஸ்டிங் ஃபோர்மேனாக இருந்தார். ரிட்டயர் ஆனதும் டெஸ்ட் செய்ய ஒன்றும் இல்லாமல் போகவே, ஒரு கடலை வாங்கி வீட்டுக்குள் வைத்தார். கோயமுத்தூரில் ஏது கடல் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்தால் கடல், அவ்வளவுதான் என்பார். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்கு ஒரு தனி அறை. காலை எட்டு மணிக்கு அந்த அறைக்குள் போனால் ஒரு மணி நேரம் மனிதன் வெளியே வரமாட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த அறையில்தான் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. இன்றோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள். மகள் தாரணி மைசூரிலிருந்து குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா எந்திரிச்சு வந்தாருன்னா மொதல்ல இந்த நோட்டத்தான் கேப்பாரு. விட்டுப்போகாம நீ எழுதிப்போடும்மா" என்றாள்.

செவ்வாய்க்கிழமைப் பக்கம் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கிழித்துவிட்டேன். புதனும் வியாழனும் யாரும் எழுதவில்லை. இன்றிலிருந்து சாந்தாமணியாகிய நான் எழுதுகிறேன்.

ஜூன் 10, சனி

வெப்பம் 26. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தாரா, சுவரைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

வெப்பம் 27. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

ஞாயிறும் புதனும் அம்மிணிக்குச் சாப்பாட்டு நாள். அம்மிணி என்பது நானில்லை. முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் எனக்கு 'ஏய்', 'இங்க பாரு' தவிர வேறு பெயர் இருந்ததில்லை. தொட்டியில் இரண்டு ஆரஞ்சு மீன், ஒரு மஞ்சள் மீன், பாறையில் சில சில்லறைப் பிராணிகள். அவையெல்லாம் பரிவாரம். மூலவர் நடுவில் மணலில் உட்கார்ந்திருக்கும் தட்டுப் பவளம். டிபன் தட்டளவு இருக்கும். ஆரஞ்சு நிறம், ஓரத்தில் ஊதா, மேலெல்லாம் குட்டிக் குட்டி விரல்கள். அதைத்தான் அம்மிணி என்று கொஞ்சுவார்.

முதலில் பூ என்றே நினைத்தேன். பூவும் இல்லை, கல்லும் இல்லை, அது ஓர் உயிர் என்றார். மற்ற பவளங்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டு ஆயிரம் உயிர்களாகக் கூட்டுக் குடித்தனம் பண்ணுமாம். இது அப்படியில்லை. ஒரே உயிர், ஒரே வாய். சின்னதில் ஒரு காம்போடு பாறையில் ஒட்டியிருந்து, வளர்ந்ததும் காம்பை முறித்துக்கொண்டு மணலில் தனியாகப் போய் உட்கார்ந்துவிடுமாம். அலை புரட்டிக் கவிழ்த்துப் போட்டாலும் உடம்பைத் தண்ணீரால் ஊதிக்கொண்டு ஒரு பகல் பூராவும் பாடுபட்டுத் தானே நிமிர்ந்துகொள்ளுமாம். இதையெல்லாம் என்னிடம் அவர் சொன்ன காலமும் ஒன்று இருந்தது.

அவர் செய்வது போலவே இறாலைப் பொடியாக நறுக்கி, நீளச் சொட்டுக் குழாயில் வைத்து, நடுவில் இருக்கும் வாய்க்குப் பக்கத்தில் விட்டேன். விரல்கள் மெல்ல மெல்லத் தள்ளி உள்ளே வாங்கிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் அவருக்கு மூக்கு வழியாகக் கஞ்சி போகிறது.

அன்றைக்கு நடந்ததையும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். சாப்பிடக் கூப்பிடப் போனேன். தொட்டிக்குக் கீழே கிடந்தார். கீழ் வீட்டு ரேவதியைக் கூப்பிட்டேன். அவள்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெனிட்டா என்று ஒரு சின்னப் பெண். "அம்மா, கடைசியா இவரு நல்லா இருந்தத எத்தனை மணிக்குப் பாத்தீங்க? யோசிச்சு சொல்லுங்க" என்று மூன்று தரம் கேட்டாள். ரேவதியும் ஆம்புலன்ஸ்காரர்களும் சுற்றி நின்றார்கள். பன்னிரண்டு வரை நன்றாகத்தான் இருந்தார் என்று மூன்று தரமும் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள். நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள், அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாம் என்றாள். ஒன்றரை மணிக்கு ஊசி போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. நூற்றில் சில பேருக்கு அப்படி ஆகுமாம்.

ஜூன் 13, செவ்வாய்

வெப்பம் 27. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

ஆனி பிறக்கும் முன்பே காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்துத் தள்ளுகிறது. தொட்டித் தண்ணீர் தினமும் அரை விரற்கடை குறைகிறது. அவர் விழுந்த நாள் முதல் நான்தான் நிரப்புகிறேன். மூலையில் இரண்டு டிரம் இருக்கிறது. வெள்ளை டிரம்மில் வடிகட்டிய வெறுந்தண்ணீர். நீல டிரம்மில் அவர் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்? நீல டிரம்மிலிருந்து காலையும் மாலையும் இரண்டிரண்டு சொம்பாக எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

உப்புப் பார்க்க ஒரு சாண் நீளத்தில் குழாய் ஒன்று வைத்திருக்கிறார். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சேர்கிற கோடுதான் அளவு. எனக்கு இடது கண்ணில் புரை. வெறும் நீலம்தான் தெரிந்தது.

ரேவதி மாடிக்கு வந்து விசாரித்தாள். போகிற போக்கில், "அன்னிக்கு காலைல எட்டு மணி சுமாருக்கு உங்க வூட்ல ஏதோ தொப்புனு வுழுந்த மாதிரி கேட்டுச்சுங்களே அக்கா" என்றாள். பக்கெட் என்றேன்.

ஜூன் 14, புதன்

வெப்பம் 26. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

தாரணிக்கு ஒரு யோசனை தோன்றியது. தொட்டி பம்பு ஓடுகிற சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு போய் அவர் காதருகில் வைத்தோம். அவர் எல்லாவற்றையும் காதால் அறிகிறவர். எதிர்வீட்டு மோட்டாரைத் தெருவில் நின்றபடியே கேட்டுவிட்டு, பேரிங் போகப்போகுது என்று சொல்வார். அடுத்த வாரம் போய்விடும். நான் சமையலறையில் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எனக்கு என்ன கோபம் என்று அவருக்குத் தெரியும்.

சத்தம் கேட்டதும் இடது கை விரல்கள் அசைந்தன. "அப்பாவுக்குக் கேக்குதும்மா! எல்லாமே கேக்குது!" என்று தாரணி அழுதுவிட்டாள். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஜூன் 16, வெள்ளி

வெப்பம் 26. உப்பு 35. பம்பு ஓடுகிறது.

அம்மிணி சரியில்லை. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கிறது. புதன்கிழமை வைத்த இறாலை வாயில் வாங்கவில்லை. ஜலீல் பாய்க்குப் போன் போட்டேன். உக்கடத்தில் மீன் கடை வைத்திருப்பவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பவளத்தைத் தண்ணீர்ப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

வந்தவர் முதலில் நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உப்பு முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு. ஒரு குறையும் இல்லீங்களே அக்கா. அண்ணன் நோட்டுல ஏறுச்சுன்னா அது கல்லுல செதுக்குன மாதிரி. நான் என்னத்தப் புதுசாப் பாக்கறது? அப்ப இது ஏதோ கிருமிங்க."

அண்ணன் எழுதியது பத்து நாளைக்கு முன்பே நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் நோட்டு அதே நோட்டு. என் கையெழுத்தும் அவருடையதைப் போலவே ஆகிவிட்டிருக்கிறது. ஜலீல் பாய் ஒரு வாளியில் அயோடின் மருந்தைக் கலந்து, அம்மிணியை இரண்டு கையாலும் ஏந்தி அதில் பத்து நிமிடம் முக்கி வைத்தார். பிறகு மணலில் பழைய இடத்திலேயே வைத்தார். பாறை மேல் தூக்கி வைக்கக் கூடாது, உருண்டு விழுந்தால் சதை கிழிந்துவிடும் என்றார். போகும்போது, "தண்ணி குறைஞ்சா என்ன ஊத்தறீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"அவரு ஊத்தறதத்தான்" என்றேன்.

ஜூன் 17, சனி

வெப்பம் 26. உப்பு 35. காய்ச்சல் 102. காய்ச்சல் அவருக்கு.

ஜூன் 18, ஞாயிறு

எண்களை அப்புறம் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. பன்னிரண்டு நாளாக அதற்கு முன்னால்தான் நிற்கிறேன், இன்றுதான் படித்தேன். பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி. அதற்கு மேல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். வாய் கோணிய ஒரு மனிதரின் படமும் ஒரு கடிகாரமும் போட்டிருந்தார்கள். இரண்டு தரம் லிஃப்ட் வந்து போயிற்று. நான் ஏறவில்லை.

எட்டிலிருந்து ஒன்றரை வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்தரை.

மேலே போனால் தாரணி கொதித்துக்கொண்டிருந்தாள். "நேரத்துக்குக் கொண்டு வந்தும் ரத்தம் கசிஞ்சிருக்குன்னா என்னமோ தப்புப் பண்ணியிருக்காங்கம்மா. அந்தப் பொண்ணு நேத்துப் படிச்சு முடிச்சவ. நான் சும்மா விடப்போறதில்ல. எழுதிக் குடுக்கப்போறேன்" என்றாள். டாக்டர் ஜெனிட்டா வார்டுக்குள் வந்தபோது இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் ஃபைலைத் திறந்து, முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெப்பம் 26. உப்பு 35.

ஜூன் 20, செவ்வாய்

அம்மிணியின் ஓரத்துச் சதை அவிந்த வெங்காயத் தோலாக உரிந்து தண்ணீரில் மிதக்கிறது. அடியில் வெள்ளை எலும்பு தெரிகிறது. அறையெல்லாம் கவிச்சை வாடை. மஞ்சள் மீன் மூலையில் போய் நின்றுகொண்டு மூச்சு வாங்குகிறது.

சண்டையைப் பற்றியும் எழுதிவிடலாம். தாரணி குழந்தைக்கு மைசூரில் காது குத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்றேன். தொட்டியை யார் பார்ப்பது, காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்றார். "பேத்தியவிட அந்தக் கல்லுதான் பெருசுன்னா, அதையே கட்டிக்கிட்டு அழுங்க. நீங்க செத்தா அதே வந்து கொள்ளி வெக்கட்டும்" என்றேன். கோபத்தில் சொல்வதுதான். நாக்குக்கு ஏது நரம்பு. அதற்குப் பிறகு நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள்தான் செவ்வாய்க்கிழமை.

பேசாமலிருக்கும் நாட்களில் அவருக்கு ஒரு பழக்கம். பக்கெட்டை உதைப்பார். கதவை அடிப்பார். நான் என்னவென்று ஓடிவர வேண்டும், அதுதான் சமாதானம். முப்பத்தொன்பது வருடமும் நான்தான் ஓடியிருக்கிறேன். இந்த முறை ஓடுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

ஜூன் 21, புதன்

ஜலீல் பாய் மறுபடியும் வந்தார். அம்மிணியைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் மஞ்சள் மீனைப் பார்த்தார். நோட்டைக் கேட்கவில்லை. தன் பையிலிருந்து தன்னுடைய குழாயை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நாப்பத்தி நாலு" என்றார். "அக்கா, இந்த முப்பத்தஞ்சு யாருங்க எழுதுனது?"

"நான்தான்."

"கருவியில பாத்தா எழுதுனீங்க?"

முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதினேன் என்றேன். அதற்கும் முந்தின பக்கத்திலும் அதுதான் இருந்தது. நீல டிரம்மையும் காட்டினேன்.

"தண்ணிதான்க்கா ஆவியாப் போகும், உப்பு எங்கயும் போகாது. கொழம்பு சுண்டிப்போச்சுன்னா உப்பக் கரைச்சா ஊத்துவீங்க? பச்சத் தண்ணிதான ஊத்துவீங்க?"

நாற்பது வருடமாகக் குழம்பு வைக்கிறேன். இது எனக்குத் தெரியாதா?

"தெரியாம ஊத்துனது தப்பே இல்லீங்க. அந்த எடத்துல ஒண்ணும் எழுதாம வுட்டிருந்தீங்கன்னா நான் அன்னிக்கே பாத்திருப்பேன். உப்பு ஏறி அது தவிச்சுட்டு இருந்திருக்குது. நான் அதத் தூக்கி மருந்துல முக்கிப்போட்டனே. நாந்தான் கொன்னுட்டேன்" என்றார்.

பெரிய மனிதர். அவர் கண் கலங்கியதைப் பார்க்க முடியவில்லை. "நீங்க இல்லீங்க பாய், நாந்தான்" என்றேன். சொன்ன பிறகு எதிரே நிற்பது ஜலீல் பாய் மட்டுமில்லை என்று தோன்றியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட அந்தச் சின்னப் பெண்ணும் நின்றாள்.

உப்பை ஒரேயடியாக இறக்கக் கூடாதாம், மீன்கள் செத்துப்போகும். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு வெள்ளை டிரம்மிலிருந்து ஊற்றச் சொன்னார். கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். வலது கண்ணில் வைத்தால் எனக்குக் கோடு தெரிகிறது. இத்தனை நாள் வலது கண்ணில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

செத்த பவளத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொன்னார். வெறும் எலும்பாகக் கிடந்தாலும், எங்காவது ஒரு நூல் சதை ஒட்டியிருந்தால், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைக்குமாம். கடலிலும் அப்படித்தானாம். சில சமயம் முளைக்காமலும் போகுமாம்.

ஜூன் 23, வெள்ளி

வெப்பம் 26. உப்பு 41. நானே பார்த்தேன்.

தாரணி குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் இருந்தாள். அவர் விழித்திருந்தார். நெஞ்சில் சளி கட்டிக் கரகரவென்று சத்தம். பம்புச் சத்தம் வேண்டாம் என்று போனை அணைத்துவிட்டுக் காதருகில் குனிந்தேன்.

"ஏனுங்க, நீங்க வுழுந்தது எனக்குக் கேட்டுச்சுங்க. நான் வேணும்னேதான் வரல. சட்னி அரைச்சுட்டு இருந்தேன். நிறுத்துனேன். அப்பறம் மறுபடியும் மிக்சியப் போட்டேன். அரைச்சு முடிச்சு, குளிச்சு, சாமி கும்புட்டு, துணியெல்லாம் மொட்ட மாடில காயப்போட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க கீழ கெடந்தீங்கல்ல, அந்த மிக்சி சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

அவர் என்னையே பார்த்தார். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நர்ஸைக் கேட்டேன். அந்தக் கண்ணை மூட முடியாததால் தானாக வழிகிறது என்று பஞ்சால் ஒற்றினாள். இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் அசையவில்லை. அசையாததும் ஒரு பதில்தானோ என்னவோ.

ஜூன் 26, திங்கள்

அவர் இன்று காலை இறந்துவிட்டார்.

பம்பு ஓடுகிறது.

ஜூலை 12, புதன்

வெப்பம் 25. உப்பு 36. நானே பார்த்தது.

நேற்றுக் கருமாதி முடிந்தது. ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் போய்விட்டார்கள். மஞ்சள் மீனும் போய்விட்டது. ஆரஞ்சு மீன் இரண்டும் இருக்கின்றன. அம்மிணி மணலில் வெள்ளையாகக் கிடக்கிறது. நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் மெல்லிய கல் இதழ்கள், வரிசை பிசகாமல். சதைக்கு அடியில் இத்தனை நுணுக்கமான வேலைப்பாடு இருந்தது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

காலையில் தாரணி கம்ப்யூட்டரில் அடித்த தாளை மேசைமேல் வைத்தாள். டாக்டர் ஜெனிட்டா மேல் புகார். ஏற்கனவே ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை வார்டு வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கிறார்களாம். இதுவும் போய்ச் சேர்ந்தால் டாக்டர் வேலையே பார்க்க முடியாதபடி செய்துவிடலாம் என்றாள். அவள் கண் உள்ளே போய்விட்டிருந்தது. அப்பா என்றால் அவளுக்கு உயிர்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா. நீதான பாத்தவ."

படித்தேன். 'எனது கணவர் மதியம் 12 மணியளவில் மயங்கி விழுந்ததை நான் நேரில் கண்டேன்.' பேனாவைக் கையில் கொடுத்தாள். அது அவருடைய பேனா. நோட்டு எழுதுகிற பேனா.

கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை மறைக்கப் போவதில்லை. பேனாவைத் தாளில் வைத்தேன். 'சா' என்று எழுதவும் செய்தேன். முந்தின பக்கத்தைப் பார்த்து முப்பத்தைந்து எழுதுகிறவளுக்கு இது என்ன பெரிய காரியம்? ஆனால் கதவு திறந்திருந்தது. தொட்டியும் அந்த வெள்ளைத் தட்டும் நேரே தெரிந்தன. அதை மருந்தில் முக்கின கைகளோடு ஜலீல் பாய் நின்று, நாந்தான் கொன்னுட்டேன் என்று சொன்னது காதில் கேட்டது. இன்னொரு ஆளும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?

எழுந்து போய்ப் பூஜை அலமாரியில் விரித்திருந்த பேப்பருக்கு அடியிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்து வந்தேன். அது தண்ணீரில் ஊறவே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டது. தாரணி முன்னால் வைத்தேன்.

ஜூன் 6. நேரம் காலை 8.05. வெப்பம் 26.2. உப்பு 35. பம்பு ஓ

அதோடு நின்றிருக்கும். அந்த 'ஓ'விலிருந்து ஒரு கோடு தாளின் விளிம்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

தாரணி அதை எத்தனை தரம் படித்தாள் என்று தெரியாது.

"எட்டு மணியாம்மா?"

"ஆமா கண்ணு."

"நீ எங்க இருந்த?"

"சமையக்கட்டுல."

"கேக்கலியா?"

"கேட்டுச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். மிக்சியையும் சொன்னேன். ஏன் பன்னிரண்டு என்றாய் என்று கேட்டாள். நாலு மணி நேரம் புருஷன் பக்கத்து அறையில் கிடந்தது தெரியாமல் ஒரு பெண்டாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் என்று ரேவதி முன்னால் எப்படிச் சொல்வது? அந்த ஒரு வெட்கத்துக்காகத்தான். பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. புகார்த் தாளை நாலாகக் கிழித்தாள். பையை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் கண்ணாடியை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது, "அவருக்கு எல்லாமே கேக்கும்மா. உனக்குத் தெரியும்ல, அவருக்கு எல்லாமே கேக்கும்" என்றாள். மத்தியானச் சாப்பாடு அப்படியே இருக்கிறது.

ஜூலை 14, வெள்ளி

வெப்பம் 25. உப்பு 35. நானே பார்த்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை வைத்து, நடந்ததைச் சொல்லி, டாக்டர் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும் போட்டேன். டாக்டர் ஜெனிட்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மெலிந்துபோயிருந்தாள். என் மகளைவிடச் சின்னவள். தாளைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்கேன்ல தெரியாதத நாங்க வீட்டாளுங்க வாயாலதான் தெரிஞ்சுக்கணும். அதுக்காகத்தான் மூணு தடவ கேட்டேன்" என்றாள். "ஒரு மாசமா வீட்டுக்குப் போயி அதே கணக்கத்தான் போட்டுப் போட்டுப் பாத்தேன். எங்க தப்பு வந்துச்சுன்னு."

"என்னைய மன்னிச்சுக்க கண்ணு" என்றேன்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். திரும்பும்போது லிஃப்டில் இறங்கவில்லை. படியில் இறங்கினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

தாரணி போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்கிறார். காது குத்து எப்போதோ முடிந்துவிட்டதாம்.

இந்த நோட்டை அவளுக்கு அனுப்பப்போகிறேன். அதனால்தான் கிழித்த பக்கத்தை அதன் இடத்திலேயே வைத்துப் பசை தடவி ஒட்டினேன். ஜூன் 9 முதல் 18 வரை நான் எழுதிய முப்பத்தைந்துகளை எல்லாம் அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஜூன் 11 அன்று எழுதிய பன்னிரண்டையும் அடித்தேன். நாளைக்கு எழுதப் புது நோட்டு வாங்கிவிட்டேன்.

ஜலீல் பாய் வந்து போகிறார். தொட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று அவரே சொன்னார். வேண்டாம் என்றேன். இரண்டு மீன் இருக்கிறது, அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். மிக்சியை ரேவதிக்குக் கொடுத்துவிட்டேன். அம்மி இருக்கிறது.

தினமும் அவருடைய பூதக்கண்ணாடியால் அந்த வெள்ளைத் தட்டின் ஓரம் முழுவதும் சுற்றிப் பார்க்கிறேன். நேற்று ஓரிடத்தில் கடுகளவு பச்சையாகத் தெரிந்தது. முளை என்று நோட்டில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதாமல் மறுபடியும் பார்த்தேன். பாசி.

நேரம் காலை 8.05. வெப்பம் 25. உப்பு 35. பம்பு ஓடுகிறது. முளை இல்லை.